எடுத்துட்டு வாரேனா, கொண்டு போறேனா?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 11 வருஷமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது டேக், பிரிங் இரண்டிலும்தான். போன மாதம் ஒருத்தியிடம் வேலைக்காகப் போனில் பேசியவர்கள் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். 'ஐ வில் டேக் இட் டுமாரோ' என்றிருக்கிறாள். எங்கே கொண்டு போகப் போகிறாய் என்று அவர்கள் கேட்டதும் பிள்ளைக்கு வாயடைத்துவிட்டது. என்னிடம் வந்து அழுதாள். "ஏட்டி, நீ தமிழில் நினைத்தது சரிதான். பாதியை விட்டுட்ட, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் நினைத்தது 'எடுத்துட்டு வாரேன்'. எடு என்றதும் டேக் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் சொல்லை விடுங்கள், கடைசிச் சொல்லைப் பாருங்கள். வா என்று முடிந்தால் பிரிங். போ என்று முடிந்தால் டேக்.

ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், சித்தி வீடு அங்கேதான். போனில் "அப்பளம் கொண்டு வாரேன் சித்தி" என்பேன். அது 'ஐ வில் பிரிங் அப்பளம்'. பையோடு வாசல் இறங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா என்னது என்று கேட்டால், "சித்திக்கு அப்பளம் கொண்டு போறேன்". இது 'ஐ ஆம் டேக்கிங் அப்பளம் டு மை ஆன்ட்'. அதே அப்பளம், அதே வழி. கேட்கிறவர்தான் வேறு. வா, தா இரண்டும் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும், செல், கொடு இரண்டும் மூன்றாம் ஆளுக்கு என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு நம் ரத்தத்தில் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

உள்ளே போய் எடுத்துட்டு வா என்று போவதும் வருவதும் சேர்ந்து வந்தால் மட்டும் ஃபெட்ச். அதையே கெட் என்றும் சொல்லலாம்.

அப்புறம் பாரோ, லெண்ட். நமக்கு இரவல் ஒரே சொல். வாங்கு, கொடு என்று பின்னால் வருவது திசையைச் சொல்லிவிடும். இங்கிலீஷில் திசைக்கு ஒரு சொல்லாக இரண்டு இருக்கின்றன. வாங்குகிறவர் செய்வது பாரோ, கொடுக்கிறவர் செய்வது லெண்ட். ஆகவே பேனா வேண்டுமென்றால் 'மே ஐ பாரோ யுவர் பென்?' அல்லது 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?' 'பாரோ மீ' என்று மட்டும் வாயில் வரக்கூடாது. இரண்டு கேள்வியையும் தினமும் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லுங்கள், நாக்கு தானாகப் பழகிவிடும்.

தூக்கிக்கொண்டு போக முடியாத பொருளுக்குப் பாரோ வேண்டாம். போன இடத்தில் பாத்ரூம் போக வேண்டியிருந்தால் 'மே ஐ யூஸ் யுவர் பாத்ரூம்?' என்று கேளுங்கள்.