ரெம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் லெப்டொப் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு லெப்டொப் தேடுகிறவர்கள் கேட்பது, "கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமா?" என்றுதான். படிப்புக்கு இப்போதே தேவை என்றால் பொறுக்காதீர்கள். விலை ஏறக் காரணம் ரெம், அதாவது மெஷின் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி. உலகத்து ரெமில் பெரும்பகுதியைச் செய்வது சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே கம்பனிகள். ஏஐயை ஓட்டும் பெரிய கொம்பியூட்டர் கூடங்கள், அதாவது டேட்டா சென்டர்கள், எச்பிஎம் என்ற வேகமான மெமரியை வாங்குகின்றன. அந்தக் கம்பனிகளுக்கு அதில் லாபம் அதிகம், அதே அளவு மெமரிக்கு இப்போதைய லெப்டொப்களில் வரும் டிடிஆர்5 ரெமை விட ஏறக்குறைய 3 மடங்கு சிலிக்கனையும் அது விழுங்குகிறது, அதனால்தான் கடைக்கு வரும் ரெம் குறைந்து விலை ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரோன், கடைகளில் ரெம் விற்கும் குரூஷியல் என்ற தன் வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்ட வருடக்கணக்காகும், அதனால் விலை சீக்கிரம் இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

"இப்போதைக்கு 8 ஜிபி ரெம் போதும், பிறகு கூட்டலாம்" என்று கடையில் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். சல்லி கொடுக்கும் முன் மெஷினைப் போட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அப்புறம் மெமரி என்று போய்ப் பாருங்கள்: ரெம் செருகும் ஸ்லொட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே இருக்கும். 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று காட்டினால் ரெம் போர்டிலேயே ஒட்டியது, கழற்ற முடியாது. வெறும் ஸ்லொட் ஒன்றும் இல்லையென்றால் எடுக்கும்போதே 16 ஜிபி எடுங்கள்.

ஏஐ வேலையை மெஷினிலேயே செய்யும் என்று ஒட்டி விற்கும் 'ஏஐ பிசி' ஸ்டிக்கருக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். சட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் வேலை செய்வது அவர்களுடைய சேர்வரில், உங்கள் மெஷினில் இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். டிடிஆர்5-க்கு முந்தைய வகையான டிடிஆர்4 ரெமின் உற்பத்தியையும் கம்பனிகள் குறைத்ததால் அந்த விலையும் ஏறிவிட்டது, உங்கள் பழைய மெஷினில் அது இருந்தால், அதே வகை ரெம் பொருந்தும் இன்னொரு மெஷினுக்குப் போடலாம்.

எனக்குப் பெரிய கவலை, ஏஐ தொழில் தொடங்க வீட்டு நகையை அடகு வைத்து, ஏஐ கணக்குகளை வேகமாகச் செய்யும் கிரஃபிக்ஸ் கார்ட் வாங்கும் யோசனைதான். அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள், மெட்டா நான்கும் 2025-இல் மட்டும் 30,000 கோடி டொலருக்கு மேல் முதலீட்டுச் செலவு செய்தன, பெரும்பகுதி ஏஐக்காக. சட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ இன்னும் உழைப்பதை விடக் கூடச் செலவழிக்கிறது. இப்போதைக்கு நன்றாக உழைப்பது என்விடியா மாதிரி சிப் விற்பவர்கள். நாளைக்கு ஏஐக்குக் கொட்டும் இந்தச் செலவின் வேகம் குறைந்தால் கார்டின் விலை விழலாம், அடகு வட்டி விழாது. கார்ட் தேவைப்படும் வேலை வந்தால் மணிக்கணக்கில் கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக வேறு கம்பனியின் கொம்பியூட்டரில், வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகையைக் கட்டும் அளவுக்கு வாடிக்கையாளர் வருகிறார்களா என்று முதலில் பாருங்கள்.