மெயின்ஃப்ரேம் பில்லைத் தீர்மானிக்கும் அந்த ஒரு மணிநேரம்

ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் சாஃப்ட்வேர் செலவைக் குறைக்கச் சொன்னதும், சிபியு அதிகம் தின்னும் புரோகிராம் எது என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள். பில் மாதத்தின் உச்சப் பயன்பாட்டை வைத்துத்தான் வரும். அந்த உச்சம் பகல் 12 மணியில் இருந்தால், ராத்திரி 2 மணிக்கு ஓடும் ஜாபைப் பாதியாக்கினாலும் மாதப் பில் அசையாது. முதலில் அந்த மணிநேரத்தைப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2019-இல் அறிமுகமான டெய்லர்ட் ஃபிட் பிரைசிங் என்ற ஐபிஎம் விலை முறையில், பயன்பாட்டு அடிப்படையிலான வகை என்றால், மொத்தமாகச் செலவழித்த எம்எஸ்யு, அதாவது பில்லுக்கான சிபியு பயன்பாட்டு அலகுதான் கணக்கு. அங்கே வேலையை நேரம் மாற்றிப் பயனில்லை, சிபியுவையே குறைக்க வேண்டும். இனி சொல்வது பழைய சப்-கெப்பாசிட்டி (முழு மெஷின் திறனுக்கல்ல, பயன்படுத்திய அளவுக்கு விலை) முறைக்கு, அதாவது நான்கு மணிநேர உருளும் சராசரிக்கு.

கணக்கு இப்படி: ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு எல்பாரின் (மெஷினைப் பிரித்த தனித்தனிப் பகுதி) கடந்த நான்கு மணிநேர எம்எஸ்யு சராசரியை எடுத்து, ஒரு புராடக்ட் ஓடும் எல்பார்களை மட்டும் கூட்டுகிறார்கள். மாதத்தில் அந்தக் கூட்டுத்தொகை எங்கே உச்சமோ, அதுதான் அந்தப் புராடக்டின் பில். ஒரு எல்பார் பகல் 12 மணிக்கு 400, இன்னொன்று அப்போது 120. ராத்திரி 2 மணிக்கு முதலாவது 150, இரண்டாவது 300 என்று வையுங்கள். இரண்டிலும் ஓடும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான டிபி2-வுக்கு 520 எம்எஸ்யு, தனித்தனி உச்சங்களைக் கூட்டிய 700 அல்ல. இரண்டாவதில் மட்டும் ஓடும், மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேரான எம்க்யூவுக்கு 300. ஆக, ஒரு புராடக்டை ஒரு எல்பாரிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுவது பல மாத டியூனிங்கைவிடப் பெரிய மிச்சம் தரலாம்.

சிஸ்டமே பதிந்துவைக்கும் எஸ்எம்எஃப் ரெக்கார்டுகளில், சிபியு பயன்பாட்டைச் சொல்லும் 70-ஆம் வகையிலிருந்து இந்தக் கூட்டுத்தொகையை மணிவாரியாக எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள இருபது வரிகளைப் பாருங்கள். முதல் வரி 520, இரண்டாவது 518 என்றால், முதல் மணியில் 60 எம்எஸ்யு வெட்டினாலும் கிடைப்பது 2 தான். இருபதும் ஒரே நாளில் குவிந்திருந்தால் வேலை எளிது. இன்னொன்று: 12 மணி உச்சத்தைக் கட்டியது 8 மணியிலிருந்து ஓடியவை. நகர்த்த வேண்டிய பேட்ச் (பின்னணியில் மொத்தமாக ஓடும் வேலை) பெரும்பாலும் 8-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்கும்.

மிச்சத்தைப் பணமாக்கும்போது சராசரி விலையால் பெருக்காதீர்கள். அடுக்கு விலையில் எம்எஸ்யு ஏற ஏற ஒன்றின் விலை இறங்கும். நீங்கள் வெட்டுவது மேலடுக்கில், மலிவான எம்எஸ்யுக்களை. மேலிடத்துக்குத் தரும் கணக்கு ஊதிப் போவது இங்கேதான்.

அடுத்து இசட்ஐஐபி, சில வகை வேலைகளுக்கான சிறப்புச் செயலி. அதில் ஓடுவது எம்எஸ்யுவில் சேராது. ஆனால் ஆர்எம்எஃப் என்ற செயல்திறன் அளவீட்டுக் கருவியின் வொர்க்லோடு ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டில் ‘ஐஐபிசிபி’ வரியை உச்ச மணிக்குப் பாருங்கள். அது இசட்ஐஐபிக்குத் தகுதி இருந்தும் இடமில்லாமல் சாதாரண சிபியில் ஓடிய வேலை. எண் பெரிதாக இருந்தால் ஒரு இசட்ஐஐபி சேர்ப்பதே நல்லது. அந்த வேலை சாதாரண சிபிக்கு வழிவதை அனுமதிக்கும் ஹானர் பிரையாரிட்டி அமைப்பை ‘நோ’ ஆக்கி அடைக்கப் பார்த்தால், டிபி2-வின் ப்ரீஃபெட்ச் (டேட்டாவை முன்கூட்டியே படித்துவைப்பது) போன்ற உள்வேலைகள் வரிசையில் நின்று ஆன்லைனே தள்ளாடும்.

டிஃபைண்ட் கெப்பாசிட்டி, அதாவது சாஃப்ட் கேப், எல்பாரின் சராசரிக்கு நாம் வைக்கும் எம்எஸ்யு வரம்பு. பயனுள்ள கருவி, ஆனால் கத்தி. 400 என்று வைத்தால், சராசரி 400-ஐத் தொடும்வரை எல்பார் 550-இல்கூட ஓடும். தொட்டதும் 400-க்கு இறக்கப்படும். அதன்பின் சராசரி இன்னும் ஏறலாம், ஆனால் பில்லுக்குச் சராசரி, கேப் இரண்டில் சிறியதே எடுக்கப்படும். ஆபத்து வேறு இடத்தில்: கேப் விழுந்ததும் முக்கியத்துவம் குறைந்த பேட்ச் பட்டினி கிடக்கும். அது டிபி2 லாக்கைப் பிடித்தபடி கிடந்தால், முக்கியத்துவம் கூடிய சிஐசிஎஸ் (ஆன்லைன் வேலைகளை நடத்தும் சாஃப்ட்வேர்) பரிவர்த்தனைகள் டைம்அவுட் ஆகும். ஆகவே முதலில் தாராளமாக வையுங்கள். ஆர்எம்எஃப் மானிட்டர் 3-இன் சிபிசி ரிப்போர்ட்டில் கேப்பிங் சதவீதத்தை வாராவாரம் பார்த்துச் சிறிது சிறிதாக இறக்குங்கள். பல எல்பார்கள் இருந்தால் அவற்றுக்குப் பொதுவான வரம்பான குரூப் கெப்பாசிட்டி நல்லது; ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றது எடுத்துக்கொள்ளும்.

ஐபிஎம்முக்கு அனுப்பும் மாதப் பயன்பாட்டுக் கணக்கான எஸ்சிஆர்டி ரிப்போர்ட்டுக்குக் காலம், மாதத்தின் 2-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 1-ஆம் தேதி முடிய. 9-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். எஸ்எம்எஃப் 70-உம், எந்தப் புராடக்ட் எங்கே ஓடியது என்று சொல்லும் 89-உம் இரண்டும் தேவை. டேட்டா 95 சதவீதத்துக்குக் கீழே போனால் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். எனவே ரெக்கார்டுகளை எடுத்துச் சேமிக்கும் டம்ப் ஜாப் தோற்றதா என்று தினமும் பாருங்கள், மாதக் கடைசியில் அல்ல. 89 ரெக்கார்டு எழுதாத புராடக்டுகளுக்கு எந்த எல்பாரில் ஓடுகிறது என்று நாம்தான் எழுதித் தருகிறோம். எடுத்துவிட்ட எல்பார் அந்தப் பட்டியலில் இன்னும் இருந்தால், ஓடாததற்கும் பணம் போகும்.

புதிய மெஷின் வாங்குவதானால் எம்எஸ்யு எண்ணை வைத்து வேகத்தை மதிப்பிடாதீர்கள். அது லைசென்ஸுக்கான எண். சிபியுவின் ஹார்ட்வேர் அளவீடுகளைத் தரும் எஸ்எம்எஃப் 113 கவுண்டர்களை இயக்கி, அந்த டேட்டாவை ஐபிஎம்மின் திறன் கணிப்புக் கருவியான இசட்பிசிஆரில் கொடுத்து, உங்கள் வேலைக்கான மதிப்பை எடுங்கள். ஒரே டாஸ்க்காக ஓடும் நீண்ட பேட்ச் இருந்தால், மெதுவான பல என்ஜின்களைவிட (செயலிகளைவிட) வேகமான சில என்ஜின்களே உதவும். ஆர்டர் போடும் முன் மற்ற விற்பனையாளர்களின் ஒப்பந்தங்களையும் எடுத்து வையுங்கள். முழு மெஷின் திறனுக்கு விலை கட்டியிருந்தால், பயன்பாடு அப்படியே இருந்தாலும் மெஷின் பெரிதானதும் அந்தப் பில் ஏறும். தற்காலிகத் திறனைத் திறந்தாலும் அதே சிக்கல் வரலாம் என்பதால், அதற்கு எப்படி விலை போடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.