நாற்றத்தில் தப்பி ஆற்றலில் விழுவது

பழம்பாடலுக்கு உரை எழுதப் பழகுகிறவர்களின் தாள்களைத் திருத்தித் தருகிறேன். போன வாரம் ஒரு தாளில் என்னுடைய பழைய பிழை அப்படியே உட்கார்ந்திருந்தது. அதையும், அடிக்கடி கண்ணில் படும் வேறு சில பிழைகளையும் இங்கே சொல்கிறேன். நாற்றம் என்றால் அன்று நறுமணம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போவது

"செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும்
வானகமும் ஆற்றல் அரிது" (குறள் 101)

தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவோம். ‘ஆற்றல்’ தெரிந்த சொல்லாயிற்றே! மாணவனாக இருந்தபோது, ‘அந்த உதவிக்கு ஈடாக நிற்கும் சக்தி மண்ணுக்கும் விண்ணுக்கும் இல்லை’ என்று எழுதிவைத்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அதனால்தான். கருத்து ஏறக்குறைய சரியாக வந்துவிடுவதால் பிழை வெளியே தெரிவதில்லை. ஆசிரியர் ‘ஈடாக’ என்பதை வட்டமிட்டு, ‘இது குறளில் எங்கே?’ என்று கேட்டிருந்தார். எங்கேயும் இல்லை. வையகத்துக்கும் வானகத்துக்கும் ஒரு ‘கு’ வேறு இனாமாகச் சேர்த்திருந்தேன்.

இங்கே ஆற்றல், ‘ஆற்று’ என்ற வினையின் தொழிற்பெயர். ‘ஆற்றுதல்’ என்று மாற்றிப் படியுங்கள்: உதவிக்கு ஆற்றுதல், அதாவது ஈடுசெய்தல். மண்ணுலகையும் விண்ணுலகையும் கைம்மாறாகக் கொடுத்தாலும் ஒத்தல் அரிது என்பது பரிமேலழகர் உரை. அலைந்துகொண்டிருந்த ‘உதவிக்கு’ இப்போது போய் உட்கார இடம் கிடைத்துவிட்டது. சக்தி என்ற பொருளும் அதே வினையிலிருந்து வந்ததுதான். குழப்பத்துக்கு அதுவே காரணம்.

அன்றிலிருந்து, உரை எழுதி முடித்ததும் நானாகச் சேர்த்த சொற்களை அடிக்கோடிட்டுப் பார்ப்பேன். ஒட்டுப்போட்ட இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவது

கோடு: கொம்பு, கிளை, மலையுச்சி, சங்கு. பாட்டில் யானை வந்தால் எது, மரம் வந்தால் எது?

சொல்லைத் தனியே பிடுங்கி, பெயரா வினையா என்று கேட்பது

‘படி’? பதில் கிடையாது.

அதிகாரத் தலைப்பையே மையக்கருத்தாக எழுதுவது

செய்ந்நன்றி அறிதலின் பத்துக் குறளுக்கும் ‘நன்றி மறவாதே’ என்றே எழுதித் தருகிறார்கள். குறள் 101, முன்பு ஓர் உதவியும் பெறாமலே செய்ததைப் பேசுகிறது. 102 தக்க காலத்தில் செய்ததை. 103 பயனை எடைபோடாமல் செய்ததை. 101இல் ‘செய்யாமல்’ யாருடைய செயல் என்று கேட்காதவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. செய்யாதிருந்தவர் உதவி பெற்றவர். செய்தவர் வேறு ஆள்.