காபியில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது? ஊதா நிறத்தை வைத்து அளக்கும் முறை

ஊதா நிறக் கரைசல் ஒன்றில் நீர்த்த காபியைக் கொஞ்சம் விடுங்கள். சில நிமிடங்களில் ஊதா வெளுக்கத் தொடங்கும். அரை மணி நேரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். எவ்வளவு வெளுத்தது என்று அளந்துவிட்டால், அந்தக் காபியின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனுக்கு ஓர் எண் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் பிப்பெட் பிடித்துக் கொஞ்சம் பழகியவர் யாரும் இதை ஒரே மதியத்தில் செய்து முடிக்கலாம்.

அந்த ஊதாப் பொருளின் பெயர் 2,2-டைஃபீனைல்-1-பிக்ரில்ஹைட்ரசில். ஆய்வகத்தில் எல்லோரும் டிபிபிஹெச் என்றுதான் சொல்வார்கள். இது ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றை வைத்திருக்கும் மூலக்கூறு. இந்த வகை மூலக்கூறுகள் பெரும்பாலும் நொடிக்குள் எதனுடனாவது வினைபுரிந்து காணாமல் போகும். இது மட்டும் பாட்டிலில் பத்திரமாக இருக்கும், அதனால்தான் சோதனைக்கு உதவுகிறது. காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் இதற்கு ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்து அணைக்கும்போது ஊதா போய்விடும். 1958இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் இந்த நிறமாற்றத்தை அளவீடாகப் பயன்படுத்திக் காட்டினார். இன்றும் அடிப்படை அதேதான்.

தொடங்கும் முன்

தேவையானவை: டிபிபிஹெச், ட்ரோலாக்ஸ் (நீரில் கரையும்படி மாற்றிய வைட்டமின் ஈ வகை, நமக்கு அளவுகோல்), மெத்தனால், மைக்ரோபிப்பெட், அளவுக் குடுவைகள், சோதனைக் குழாய்கள், அலுமினியத் தாள், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி). நாம் அளப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் என்பதால் கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு கலமான குவெட் சாதாரணக் கண்ணாடியில் இருந்தால் போதும், குவார்ட்ஸ் வேண்டாம்.

மெத்தனால் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. எளிதில் தீப்பற்றும், உள்ளே போனால் பார்வையைப் பறிக்கும். ஃப்யூம் ஹூட் எனும் புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து வேலை செய்யுங்கள். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள். வீட்டுச் சமையலறையில் இதைச் செய்யவே வேண்டாம்.

படி 1: காபியைத் தயார் செய்தல்

10 கிராம் காபித்தூள், 200 மி.லி. வெந்நீர், 4 நிமிடம், பிறகு வடிதாள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். பாலின் புரதங்கள் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும். சிக்கரி கலந்த தூள் என்றால், நீங்கள் அளப்பது காபியை மட்டுமல்ல. இரண்டு தூள்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் அரைப்பின் பருமன், நீரின் சூடு, நேரம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூளின் வித்தியாசமா, தயாரிப்பின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது.

காபித்தூள் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதனால் வடிந்து வருவது 200 மி.லி.க்குக் குறைவாகவே இருக்கும். ஆறியதும் அளவுக் குடுவையில் ஊற்றி, நீர் சேர்த்துச் சரியாக 200 மி.லி. ஆக்குங்கள்.

படி 2: நீர்த்தல்

பலரும் சறுக்கும் இடம் இதுதான். நான் முதன்முறை செய்தபோது காபியை நீர்க்காமல் அப்படியே விட்டேன். எல்லாக் குழாயும் மஞ்சளாகிவிட்டது, இரண்டு காபிகளும் ஒரே எண்ணைக் காட்டின. காபி அவ்வளவு வலுவானது, இருந்த டிபிபிஹெச் முழுவதையும் தீர்த்துவிட்டது. எல்லாம் தீர்ந்த பிறகு எது வலுவானது என்று எப்படிச் சொல்வது?

மெத்தனாலும் நீரும் சம அளவு கலந்த கலவையை எடுத்துக்கொண்டு, 1 மி.லி. காபியை 20 மி.லி. ஆக்குங்கள். வெளுப்பு 20 முதல் 60 சதவீதத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். அதைத் தாண்டினால் இன்னும் நீர்த்து மறுபடி செய்யுங்கள். கலங்கலாகத் தெரிந்தால் மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த பகுதியை எடுங்கள். ஒன்றுக்குச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள்.

படி 3: ஊதாக் கரைசல்

19.7 மி.கி. டிபிபிஹெச்சை 50 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்ற செறிவு). அதில் 25 மி.லி. எடுத்து 250 மி.லி. ஆக்கினால் நமக்குத் தேவையான 0.1 மில்லிமோலார். நேரடியாகச் சுமார் 10 மி.கி. எடைபோட்டுச் செய்யலாமே என்று தோன்றும். அத்தனை சிறிய எடையில் தராசின் பிழை பெரிதாகிவிடும், அதனால்தான் இந்தச் சுற்றுவழி. மெதுவாகக் கரையும், பொறுமையாகக் கலக்குங்கள். ஒளி பட்டால் கெடும் என்பதால் குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே தயாரியுங்கள்.

படி 4: ட்ரோலாக்ஸ் அளவுகோல்

25 மி.கி. ட்ரோலாக்ஸை 50 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 2 மில்லிமோலார் வரும். இதிலிருந்து 1, 2, 3, 4, 5, 6 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் முன்பு சொன்ன பாதிக்குப் பாதிக் கலவையால் 10 மி.லி. ஆக்குங்கள். 0.2 முதல் 1.2 மில்லிமோலார் வரை ஆறு செறிவுப் படிகள் தயார்.

படி 5: வினை

ஒரு குழாய்க்கு 3.9 மி.லி. ஊதாக் கரைசல், 0.1 மி.லி. மாதிரி. மாதிரி என்பது நீர்த்த காபி அல்லது ஒரு ட்ரோலாக்ஸ் படி. மாதிரிக்குப் பதில் 0.1 மி.லி. வெறும் கலவையை விட்ட குழாய் உங்கள் கன்ட்ரோல். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்யுங்கள்.

இன்னொன்றையும் தயவுசெய்து விடாதீர்கள். ஒவ்வொரு காபிக்கும் 3.9 மி.லி. வெறும் மெத்தனாலில் 0.1 மி.லி. நீர்த்த காபி விட்டு ஒரு குழாய் வையுங்கள். காபிக்கே பழுப்பு நிறம் உண்டு. அதுவும் ஒளியை உறிஞ்சும், அதைக் கழிக்காவிட்டால் காபி உண்மையைவிட பலவீனமாகத் தெரியும். கருக வறுத்த காபியில் இந்தப் பிழை இன்னும் கூடும்.

30 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். எல்லாக் குழாய்க்கும் சரியாக 30 நிமிடம்தான். காபியின் வினை சட்டென்று முடிவதில்லை, வேகமாகத் தொடங்கி மெதுவாக இழுத்துக்கொண்டே போகும். அதனால் ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு மாதிரியைச் சேர்த்து, அதே வரிசையில், அதே இடைவெளியில் அளந்துகொண்டு வாருங்கள்.

படி 6: அளப்பது, கணக்கு

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை 517 நானோமீட்டரில் வைத்து, மெத்தனாலால் பூஜ்ஜியம் செய்யுங்கள். கன்ட்ரோல் 1.0 – 1.1 அளவில் காட்டினால் ஊதாக் கரைசல் சரியாக வந்திருக்கிறது.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோல் 1.060. காபிக் குழாய் 0.655. காபியின் சொந்த நிறம் 0.015. கழித்தால் 0.640. வெளுப்பு: (1.060 − 0.640) ÷ 1.060 × 100 = 39.6 சதவீதம்.

ட்ரோலாக்ஸ் படிகளின் வெளுப்பையும் இப்படியே கணக்கிட்டு, செறிவுக்கு எதிராக வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். ஒரு ட்ரோலாக்ஸ் மூலக்கூறு இரண்டு டிபிபிஹெச் மூலக்கூறுகளை அணைக்கும். எனவே 1.0 மில்லிமோலார் படி சுமார் 51 சதவீதம் காட்ட வேண்டும். வெகுவாக விலகினால் காபியைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கரைசல்களைச் சரிபாருங்கள்.

சரி, நம் கோடு 'வெளுப்பு = 51 × செறிவு + 0.6' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். செறிவு 0.765 மில்லிமோலார். 20 மடங்கு நீர்த்தோம், ஆகவே காபியில் 15.3 மில்லிமோலார். காபி 200 மி.லி., எனவே 15.3 × 200 = 3060 மைக்ரோமோல்; தூள் 10 கிராம். ஆக, ஒரு கிராம் தூளுக்குச் சுமார் 306 மைக்ரோமோல் ட்ரோலாக்ஸ் சமம்.

இந்த எண் எதைச் சொல்கிறது?

ஒரு சோதனைக் குழாயில், ஒரு குறிப்பிட்ட ராடிக்கலை, அரை மணி நேரத்தில் இந்தக் காபி எவ்வளவு அணைத்தது என்பதை. அவ்வளவுதான். குடித்த பிறகு உடலுக்குள் என்ன நடக்கும் என்பதை இது சொல்லாது. இதேபோன்ற ஆரக் என்ற குழாய்ச் சோதனையில் உணவுகள் வாங்கிய மதிப்பெண்களை அமெரிக்க வேளாண் துறை பட்டியலாக இணையத்தில் வைத்திருந்தது. விளம்பரங்களில் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதாலும், அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதாலும் 2012இல் பட்டியலை நீக்கிவிட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு இந்த எண் மிகவும் நல்லது. இளவறுப்பும் கருவறுப்பும், அராபிகாவும் ரொபஸ்டாவும், கஃபீன் நீக்கியதும் நீக்காததும் என்று பார்த்துக்கொண்டே போகலாம். கஃபீன் இந்தச் சோதனையில் ஏறக்குறைய எதுவும் செய்யாது. ரொபஸ்டா கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் அராபிகாவைவிட அதிகம். வறுக்க வறுக்க அந்த அமிலம் சிதையும், அதே வறுப்பில் மெலனாய்டின் என்ற பழுப்புப் பொருள்கள் உருவாகும், அவற்றுக்கும் ராடிக்கலை அணைக்கும் திறன் உண்டு. அதனால் கருவறுப்பின் எண் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டு காபிகளை ஒப்பிடும் முன், ஒரே தூளை மூன்று வெவ்வேறு நாள்களில் முதலிலிருந்து செய்து பாருங்கள். அந்த மூன்று எண்களுக்குள் எவ்வளவு இடைவெளி வருகிறதோ, அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டுமே ஒரு காபியை இன்னொன்றைவிட வலுவானது என்று எழுதுங்கள்.