அமெரிக்க மாப்பிள்ளை, சேலத்துப் பெண்: கிரீன் கார்டு விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பையன் அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டார்" என்று தரகர் சொன்னதும் பெண் வீட்டார் சம்பளத்தைக் கேட்கிறார்கள், குலதெய்வத்தைக் கேட்கிறார்கள். எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு, காத்திருப்பு வரிசை எதுவும் கிடையாது. விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் காலம் மட்டுந்தான். மாப்பிள்ளை கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை அட்டை) மட்டும் வைத்திருப்பவர் என்றால், மனைவி எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவி எச்4 விசாவில் போகலாம். ஆனால் அது நிரந்தர வசிப்புரிமை ஆகாது. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்துவிட்டுப் பிறகு மருகும் குடும்பங்கள் சேலத்தில் உண்டு.

இங்கே நான் எழுதுவது குடிமகனை மணந்தவர்களுக்கு. பெண் அமெரிக்கக் குடிமகளாக இருந்து சேலத்து மாப்பிள்ளை போவதானாலும் இதே விதிகள்தான். சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள குடும்பங்களுக்கு இத்தகைய தாள்களைச் சரிபார்த்துத் தருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். சிக்கல் பெரும்பாலும் இங்கே, நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் சான்றிதழ்களில்தான் தொடங்குகிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவற்றைச் சரிசெய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நடைமுறை இதுதான். குடிமகன் ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறையில் தாக்கல் செய்கிறார். அது ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே மனைவி டிஎஸ்-260 படிவத்தை நிரப்பிச் சான்றிதழ்களைப் பதிவேற்றுகிறார். கணவர் ஐ-864 என்ற பொருளாதார உறுதிமொழியைத் தருகிறார். பிறகு நேர்காணல். சென்னையில் துணைத் தூதரகம் இருப்பதால் நேர்காணலும் அங்கேதான் என்று பலர் நினைக்கிறார்கள். குடியேற்ற விசாவுக்கு மும்பைக்குத்தான் போக வேண்டும்.

ஒரே பெண், ஐந்து பெயர்

ஓர் உதாரணத்துக்கு ஓமலூர்ப் பக்கம் பிறந்த தமிழ்ச்செல்வி என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் பழனிசாமி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "பி. தமிழ்ச்செல்வி", ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-எச் போட்டிருக்கிறார்கள். ஆதார் எடுத்தவர் அதே ழகரத்துக்கு எல் போட்டுவிட்டார். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. பெண் குழந்தை என்பதோடு சரி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "தமிழ்ச்செல்வி பழனிசாமி" என்று முழுவதையும் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். திருமணப் பதிவுக்குள் இனிஷியல் கணவருடையதாக மாறிவிட்டது. நம் ஊரில் இதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஓர் அதிகாரியின் மேசையில் இவர் ஐந்து பேராகத்தான் தெரிவார்.

பாஸ்போர்ட்டில்தான் தொடங்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று மூன்றெழுத்து அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அந்த மூன்றெழுத்து கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம் வரை கூடவே வரக்கூடும். ஆகவே மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துக் காட்டும் புதிய பாஸ்போர்ட்டை வாங்கிவிடுவது நல்லது. பிறகு ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். நோட்டரி முன்னிலையில் "இரண்டு பெயரும் ஒருவரே" என்று எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம் உதவும்; ஆனால் திருத்த முடிந்ததைத் திருத்தாமல் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கல்யாணம் ஆன கையோடு பெண்ணின் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாதிச் சான்றிதழ்களில் அப்பா, மீதியில் கணவர் என்று ஆவதைவிட, பழைய பெயரிலேயே போய்ச் சேர்வது எவ்வளவோ மேல்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையென்றால், பிறந்த இடம் எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறது என்று பார்த்துப் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். சேலம் மாநகராட்சிக்குள் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். மருத்துவமனை இருந்த மண்டலமே கணக்கு, வீடு இருந்த மண்டலம் அல்ல. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வீட்டிலேயே பிறந்த பலருக்குப் பதிவே இருக்காது. அவர்கள் பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழையும் பெற்றோரின் உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுக்கலாம். இப்போது தாமதமாகப் பதிவு செய்து வாங்கிய புதுச் சான்றிதழை மட்டும் கொடுப்பது போதாது. பழைய ஆதாரம் ஏதாவது கூடவே இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று மே, ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவைக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. பிறப்புப் பதிவில் வேறு தேதி இருந்தால் அதை மறைக்காமல் விளக்கிவிடுங்கள்.

பதிவு முதலில், முகூர்த்தம் பிறகு

மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் விடுமுறை. நிச்சயதார்த்தத்துக்கு வந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவை முடித்துவிட்டால் மனுவைச் சீக்கிரம் போடலாம், கல்யாணத்தை வைகாசியில் மண்டபம் பிடித்துச் செய்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். அக்கறையால் எடுக்கும் முடிவுதான். ஆனால் நான் பார்த்தவற்றில் மிக ஆபத்தான தவறு இது.

இந்துத் திருமணச் சட்டத்தின்படி பதிவு என்பது நடந்து முடிந்த திருமணத்துக்கான சான்று மட்டுமே. சடங்கே நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றிதழ் திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் போக்கையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. அதற்காகச் சடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 1967-இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். எனவே அவசரம் என்றால், கோயிலில் உண்மையாகவே தாலி கட்டி, அந்தத் தேதியையே பதிவில் எழுதி, அதையே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். பின்னால் மண்டபத்தில் நடப்பதை வரவேற்பு என்று அழைப்பிதழில் போடுங்கள். பத்திரிகையில் "திருமணம்" என்று வேறொரு தேதி அச்சாகியிருந்தால், மும்பையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எது உண்மை என்று கேட்கத்தான் செய்வார்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954 வழியாகப் போனால், அதிகாரி முன் நடப்பதே திருமணம். தேதிக் குழப்பம் வராது. ஆனால் 30 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். மூன்று வார விடுமுறைக்குள் இது அடங்காது என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

மாப்பிள்ளையை வீடியோவில் வைத்துக்கொண்டு திருமணத்தை நடத்தலாமா என்றும் கேட்கிறார்கள். 2022-இல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு திருமணத்தை அனுமதித்தது உண்மை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ, இருவரும் நேரில் இல்லாத திருமணத்தை, அதன் பிறகு அவர்கள் சந்தித்துக் கணவன் மனைவியாக வாழ்ந்தாலன்றி ஏற்பதில்லை. பதிவோ தாலியோ ஆகிவிட்டால் வருங்கால மனைவிக்கான கே-1 விசா என்ற வழியும் மூடிவிடும். அது திருமணமாகாதவர்களுக்கு மட்டும்.

முந்தைய திருமணம்

இருவரில் யாருக்காவது முன்பு திருமணம் ஆகியிருந்தால் அதை மறைப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரத்தை விவாகரத்து என்று நம்பி வருபவர்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. வழக்காற்று விவாகரத்தைச் சட்டம் அடியோடு ஒதுக்கவில்லை; ஆனால் அந்த வழக்காற்றை நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுடையது. நீதிமன்றத் தீர்ப்பாணை இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டாம். தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் செய்வதும் தவறு. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும்.

காதல் கதை எழுத வேண்டாம்

"ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, பத்து நிமிடம் பேசி முடித்த கல்யாணம் என்றால் வெள்ளைக்காரன் நம்புவானா?" என்று பயந்து, இணையத்தில் சந்தித்ததாக ஒரு கதையைச் சோடித்துப் பெண்ணுக்கு மனப்பாடம் செய்விக்கிறார்கள். மும்பையில் இருக்கும் அதிகாரிகளுக்குப் பெரியவர்கள் நிச்சயித்த திருமணம் அன்றாடம் பார்க்கும் விஷயம். உண்மையைச் சொன்னால் போதும். பெண் பார்த்த நாள் புகைப்படம், திருமணத் தகவல் தளத்தில் இரு குடும்பமும் பேசிக்கொண்டது, மண்டப ரசீது, அழைப்பிதழ் எல்லாம் சான்றுதான். மொய் நோட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். இரு வீட்டு உறவும் கூடி நடத்திய கல்யாணம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு தாள் கிடைக்காது. தமிழில் உள்ளவற்றுக்கு, மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதியுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

கனமான கல்யாண ஆல்பத்தை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புவதால் பயனில்லை. அதில் இருப்பது ஒரே நாள். திருமணத்துக்குப் பிந்தைய வாழ்க்கைதான் அதிகாரிக்குத் தேவை: கணவர் அடுத்த முறை வந்துபோன விமான டிக்கெட், ஏற்காட்டுக்குச் சென்று எடுத்த படம், மாதாமாதம் அனுப்பிய பணம், தொலைபேசிப் பேச்சின் பதிவு, வருங்கால வைப்புநிதியிலும் காப்பீட்டிலும் வாரிசாக மனைவி பெயரைச் சேர்த்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, இடம், உடன் நிற்பவர் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டார் எதிர்ப்பை மீறி மணந்தவர்கள், படத்தில் பெற்றோர் ஏன் இல்லை என்று ஒரு பக்கத்தில் நேர்மையாக எழுதி இணைக்கலாம்.

மற்றவை

காவல்துறைச் சான்று என்றதும் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புச் சான்று வாங்கிவிடுகிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை பாஸ்போர்ட் துறை தரும் பிசிசி என்ற காவல்துறைச் சான்றுதான் செல்லும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ 16 வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் வாங்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே செய்ய வேண்டும். குடும்ப மருத்துவரின் கடிதம் எடுபடாது.

ஐ-864 உறுதிமொழிக்குக் கணவரின் வருமானம், குடும்ப அளவுக்கு ஏற்ற அமெரிக்க வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொருவர் இணைப் பொறுப்பேற்கலாம். குடிமகன் சேலத்திலேயே வந்து தங்கிவிட்டவர் என்றால், வரிக் கணக்கு ஒழுங்காக இருப்பதோடு அமெரிக்காவில் மீண்டும் குடியேறப் போவதையும் அவர் காட்டியாக வேண்டும்.

"அதுவரை சுற்றுலா விசாவில் போய்விடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் படிவத்தில் திருமணமாகவில்லை என்று பொய் எழுதினால், தகவலைத் திரித்ததாக வாழ்நாள் தடையே விழலாம். எழுதித் தந்தவர் ஏஜென்ட் என்ற சமாதானம் அங்கே எடுபடாது, கையெழுத்து உங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் விசாவுக்கு எழுதிய பதில்களும் அமெரிக்க அதிகாரிகளிடம் பத்திரமாக இருக்கின்றன.

போய்ச் சேர்ந்த பிறகு

அமெரிக்காவில் கால் வைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் வசிப்புரிமையே போய்விடலாம். வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. "நான் கையெழுத்துப் போட்டால்தான் உனக்குக் கார்டு" என்று மிரட்டும் கணவன்மார்கள் இருக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. அடியும் கொடுமையும் நேர்ந்தாலோ, உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்தாலோ, கணவரின் கையெழுத்தில்லாமல் மனைவி தனியாகவே ஐ-751 தாக்கல் செய்யலாம்; அந்த 90 நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இதைப் பெண்ணுக்குச் சேலத்திலேயே சொல்லி அனுப்புங்கள். திருமணத்தை நிரூபிக்கும் எல்லாத் தாள்களின் நகலும் ஒரு கட்டு அம்மா வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் அவளிடமே இருக்க வேண்டும், மாமியாரின் லாக்கரில் அல்ல. அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கான உதவி எண் 1-800-799-7233. இரவும் பகலும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.