ராம்நாட்டுப் பக்கம் பார்க், தோப்புன்னு சுத்த வர்றவங்க பண்ற தப்புங்க

ராமநாதபுரம் பக்கம் வர்றவங்க நிறைய பேரு புல்தரை, பூச்செடி, ஊஞ்சல் இருக்கற பார்க்கத்தான் மொதல்ல தேடுறாங்க, தப்பு அங்கயே ஆரம்பிச்சிருது. பிள்ளைங்கள சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட விடுறதுக்கு டவுனுக்குள்ள சின்ன பார்க் இருக்கு, அதுக்காக மதுரைலருந்து வண்டி எடுத்துட்டு வரணுமா என்ன? வறண்ட மாவட்டம்ங்க இது. இங்க பச்சைன்னா கம்மாக்கரை, சவுக்குத் தோப்பு, கடலோர உப்புச் சேத்துல வளர்ற அலையாத்திக் காடு, இவ்ளோதான், ஆனா எதுக்கு எப்ப போகணும்னு பாக்காம கிளம்பினீங்கன்னா வெயில மட்டும் வாங்கிட்டுத்தான் திரும்பணும்.

ரொம்ப பேரு ஏமாறுறது சக்கரக்கோட்டை கம்மாலதான். டவுன ஒட்டியே இருக்கற பறவைகள் சரணாலயம், 2025 பிப்ரவரில இதே மாவட்டத்துல இருக்கற தேர்த்தங்கல் சரணாலயத்தோட சேத்து ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சுன்னு நியூஸ்ல பாத்துட்டு ஸ்கூல் லீவு விட்டதும் மே மாசத்துல குடும்பத்தோட வந்து நிப்பாங்க, அப்ப அங்க என்ன இருக்கும், வெடிச்ச தரையும் சீமைக்கருவேலமும்தான். வடகிழக்கு மழை பெஞ்சு கம்மா நிறைஞ்சாத்தான் பறவை வரும். மழை ஏமாத்துன வருசம் பறவையும் ஏமாத்திரும், இது தெரியாம கோவத்துல ரிவ்யூல ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போறாங்க, கம்மா பாவம் என்ன பண்ணும். மார்கழி, தை மாசத்துல விடிகாலைல வாங்க, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் பாக்கலாம். டிபன முடிச்சுட்டு பத்து மணிக்கு மேல வந்து பளிச்சுனு செவப்பு சட்டைல கரைல நின்னு சத்தம் போட்டா எது நிக்கும்? முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளத்துக்கும் இதே கதைதான்.

அடுத்து காரங்காடு. தேவிபட்டினத்துலருந்து தொண்டி போற ஈசிஆர்ல இருக்கு, வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள போட் விடுறாங்க. என்னைக் கேட்டா இந்த கடற்கரைலயே பாக்க வேண்டிய மொத இடம் இதுதான். காத்து ஜாஸ்தியா இருந்தா போட் விடமாட்டாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுட்டுப் போங்க. அத விட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, போட்டோவுக்காக சேத்துல இறங்குறது. சேத்துக்கு மேல குச்சி குச்சியா நீட்டிட்டு நிக்குதே அது காஞ்ச குச்சி இல்ல, மரத்தோட மூச்சு வேர். உப்புச் சேத்துக்குள்ள காத்து கிடையாது, அதான் மரம் வேர மேல தூக்கி மூச்சு விடுது. அத மிதிச்சு ஒடிச்சா மரத்துக்கு மூச்ச அடைக்கிற கணக்குதான். இறங்காதீங்க, போட்லயே உக்காந்து பாருங்க.

அரியமான் பீச்சுக்கு ராமநாதபுரத்துலருந்து ராமேஸ்வரம் போறப்ப உச்சிப்புளி பக்கம் மெயின் ரோட்ல இடது பக்கம் திரும்பணும். சவுக்குத் தோப்பு நிழல் நல்லாருக்கும், பிள்ளைங்களுக்கு இடமும் இருக்கு, பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, வடகடல், அதான் இந்த பாக் நீரிணைப் பக்கம், எப்பவும் குளம் மாதிரி கிடக்கும்னு நெனச்சு ஐப்பசி, கார்த்திகைல பிள்ளைங்கள தண்ணில விடாதீங்க, அப்ப கொந்தளிக்கிறது இந்தப் பக்கந்தான். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கிறது ஆனி, ஆடில.

குருசடைத் தீவுக்கு பாம்பன் பக்கம் இருக்கற குந்துகால்லருந்து வனத்துறை போட்லதான் போகணும். யாராவது வள்ளத்துல காசு கம்மியா கூட்டிட்டுப் போறேன்னாங்கன்னா ஏறாதீங்க. 1986லயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்ச 21 தீவுல இதுவும் ஒண்ணு, பெர்மிஷன் இல்லாம கால் வச்சா கேஸ்தான், வெளையாட்டு இல்ல. போட் இல்லன்னு சொல்லிட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்காதீங்க, அங்கயே விவேகானந்தர் மண்டபம் இருக்கு, 1897ல அமெரிக்காலருந்து திரும்பி வந்தப்ப அவரு கரையேறுன இடம், காத்தோட்டமா உக்காரலாம்.

ராமேஸ்வரம் பக்கம் பேக்கரும்புல இருக்கற கலாம் நினைவிடத்துல தோட்டத்த விட்டுட்டு நேரா உள்ள போயிட்டு வெளிய வந்துர்றாங்க. சாயங்காலம் வெயில் தாழ போனா தோட்டத்துல நிதானமா நடக்கலாம், அக்னி ஏவுகணை மாடலும் வெளியதான் நிக்குது. உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதுக்காக காவலுக்கு நிக்கறவங்ககிட்ட மல்லுக்கட்ட வேண்டாம்.

தனுஷ்கோடிய கடைசியா வச்சுக்கலாம்னு பிளான் போடுறதும் தப்புதான், சாயங்காலம் ஆயிட்டா செக்போஸ்ட்லயே வண்டிய திருப்பி விட்டுருவாங்க. நிழல்னு ஒரு மரம் கிடையாது, தண்ணி பாட்டில் கைலயே இருக்கட்டும், காலிய திரும்பக் கொண்டு வாங்க. குளிர் காலத்துல ரோட்டோரத் தண்ணில பூநாரை மேயும், செல்ஃபிக்காக கிட்ட போயி பறக்க விடாதீங்க, இவ்ளோ தூரம் வந்ததே மேயறதுக்குத்தான். தனுஷ்கோடி ரோடு முடியற அரிச்சல்முனைல குளிக்கவே கூடாது, ரெண்டு கடல் சேர்ற இடம், மேல அமைதியா தெரியும், அடில இழுக்கும். கார ஈர மணல்ல இறக்குறவங்களுக்கு நான் சொல்லி என்ன ஆகப்போகுது, டயர் புதைஞ்சப்புறம் தள்ளுறதுக்கு ஆள் தேடுவாங்க. கரைல பவளப்பாறைத் துண்டு கிடந்தா எடுத்து பைல போட்டுக்காதீங்க, யாராவது வித்தாலும் வாங்காதீங்க, 1972 வன உயிரினச் சட்டத்துல பவளமும் கடல்குதிரையும் புலி இருக்கற அதே மொத அட்டவணைலதான் இருக்கு. பிள்ளைங்க அழுதா பதநீரோ நுங்கோ வாங்கிக் குடுங்க, சீசன் இருந்தா ரோட்டோரத்துலயே கிடைக்கும்.