செங்குத்து விசை எடைக்கு எதிர்ச்செயல் இல்லை: பிளஸ் ஒன் இயற்பியலில் விடாமல் துரத்தும் தவறுகள்

பிளஸ் ஒன் 'இயக்க விதிகள்' பாடம் முடித்து, முதல் தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வருஷா வருஷம் பெயர்கள் மாறுகின்றனவே தவிர தப்புகள் மாறுவதில்லை. நான் மாணவனாக இருந்தபோது என் தாளில் விழுந்த அதே சிவப்பு வட்டங்களை இப்போது நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அலகு எழுத மறப்பது, கூட்டலில் கோட்டை விடுவது, மணிக்குக் கிலோமீட்டரில் கொடுத்ததை மாற்றாமல் போடுவது எல்லாம் கவனக்குறைவு. இரண்டு தேர்வு போனால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே செய்கிற தப்புகள்தான் கல்லூரி வரை கூடவே வருகின்றன.

மேலே போகும் பந்துக்கு 'எறிந்த விசை'

கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும் பந்துக்கு விசைப்படம் வரையச் சொன்னால், கீழ்நோக்கி ஓர் அம்பு, அதைவிடப் பெரிதாக மேல்நோக்கி ஓர் அம்பு போடுகிறார்கள். மேலே போகிறதே, ஏதாவது தள்ளத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இது மிகப் பழைய எண்ணம். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் பிலோபோனஸும் பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸின் புரிடானும், எறிந்தவர் கொடுத்த ஏதோ ஒன்று பொருளுக்குள்ளேயே தங்கி அதை ஓட்டுவதாகத்தான் சொன்னார்கள். எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒவ்வோர் அம்பையும் தொட்டு, "இந்த விசையைக் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். பூமி என்றால் சரி. காற்று என்றாலும் சரி. கையா? அதுதான் பந்தை விட்டுவிட்டதே. கொடுக்க ஆள் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். பந்தோடு மேலே போவது திசைவேகம், அதற்கு விசைப்படத்தில் இடமில்லை.

உச்சியில் திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எழுதுவதும் இதே வகையறா. இரண்டும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி²தான்.

எடைக்கு எதிர்ச்செயல் செங்குத்து விசையாம்

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிற தப்பு இது. மேஜை மேல் புத்தகம். கீழே ஓர் அம்பு, 'செயல்: எடை'. மேலே ஓர் அம்பு, 'எதிர்ச்செயல்: செங்குத்து விசை', அதாவது மேஜைப் பரப்பு தனக்குச் செங்குத்தாகப் புத்தகத்தைத் தள்ளும் விசை. இரண்டும் சமம், எதிரெதிர், ஆகவே நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தப் படத்தை மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸில் இருக்கிறது, சில ஆசிரியர்கள் கரும்பலகையிலும் போடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் இப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் போய் இது தப்பு என்றால், நான்தான் வில்லன்.

மூன்றாம் விதி சொல்லும் இணையில் இரண்டு விசைகளும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மேல் இருக்கும். நான் உங்களுக்கு நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்தால் என் கணக்கில் செலவு, உங்கள் கணக்கில் வரவு. தொகை ஒன்றுதான், ஆனால் யாருடைய நோட்டிலும் இரண்டும் சேர்ந்து கழிந்துபோகாது. விசையும் அப்படித்தான். பூமி புத்தகத்தை இழுக்கிறது, அதன் இணை புத்தகம் பூமியை இழுப்பது. மேஜை புத்தகத்தை மேலே தள்ளுகிறது, அதன் இணை புத்தகம் மேஜையைக் கீழே அழுத்துவது. ஆக நான்கு விசைகள், இரண்டு இணைகள். நோட்ஸ் படத்தில் இருப்பது இந்த இணையில் ஒன்று, அந்த இணையில் ஒன்று. இரண்டுமே புத்தகத்தின் மேல்.

சந்தேகம் இருந்தால் மேஜையை எடுத்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், மேஜை போனா செங்குத்து விசை போயிடும். எடை மட்டும் இருக்குமே?" என்றாள். "அப்ப ரெண்டும் ஜோடியாம்மா?" என்றேன். உண்மையான இணையில் ஒன்று போனால் அந்தக் கணமே மற்றதும் போய்விடும். இரண்டும் ஒரே வகை விசையாகவும் இருக்கும். ஈர்ப்புக்கு இணை ஈர்ப்புத்தான், தொடுவிசைக்கு இணை தொடுவிசைதான்.

'சரி சார், பெயரில் என்ன இருக்கிறது, விடை வந்தால் போதாதா' என்பவர்களுக்குத்தான் இனிமேல் சொல்வது. மூன்றாம் விதி எங்கேயும் எப்போதும் பொருந்துவது. செங்குத்து விசையும் எடையும் மூன்றாம் விதிப்படி சமம் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அவை எங்கேயும் எப்போதும் சமம் என்றாகிவிடும். அதன் பிறகு செங்குத்து விசையைப் பார்த்த இடத்திலெல்லாம் கை தானாக எடையை எழுதும். மேஜை மேல் சும்மா கிடக்கும் புத்தகத்துக்கு விடை சரியாக வருவதால் தப்பு வெளியே தெரிவதில்லை. அங்கே அவை சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகத்துக்கு முடுக்கம் இல்லாததும், செங்குத்துத் திசையில் வேறு யாரும் அதை இழுக்காததும்தான். அதாவது இரண்டாம் விதி: நிகர விசை = நிறை × முடுக்கம்.

ஒரு கணக்கு. தரையில் 10 கிலோ பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 மீ/வி² என்று வையுங்கள். உராய்வுக் குணகம் 0.3, அதாவது உராய்வு செங்குத்து விசையில் 0.3 பங்கு. கயிற்றைக் கட்டி, கிடைத்தளத்துக்கு 37° மேலாக 50 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். கிடைக்கூறு 40, மேல்நோக்கிய கூறு 30. எடை 100, கயிறு அதில் 30-ஐத் தாங்கிக்கொள்வதால் செங்குத்து விசை 70 நியூட்டன் மட்டுமே. உராய்வு 21. மிச்சம் 19 நியூட்டன், முடுக்கம் 1.9 மீ/வி².

இப்போது கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதே 50 நியூட்டனால் அதே கோணத்தில் மேலிருந்து கீழாகச் சாய்த்துத் தள்ளுங்கள். செங்குத்து விசை 130, உராய்வு 39. மிச்சம் 1 நியூட்டன். முடுக்கம் 0.1 மீ/வி², பெட்டி நகர்கிறதா என்பதே சந்தேகம்.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நம்புகிறவருக்கு இரண்டிலும் உராய்வு 30, இரண்டிலும் முடுக்கம் 1. பாரமான பீரோவைத் தள்ளுவதைவிட இழுப்பது ஏன் லேசு என்று அவரால் சொல்லவே முடியாது. நீட் தாளில் இப்படியொரு கணக்கு வந்தால் அந்த 1 என்கிற விடை நிச்சயம் ஒரு விருப்பமாக உட்கார்ந்திருக்கும். வினாத்தாள் தயாரிப்பவருக்கு நம் தப்புகள் அத்துப்படி. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும் என்பதால் ஒரே கணக்கில் 5 மதிப்பெண் வித்தியாசம். இதை நான் 'விலை அதிகமான தப்பு' என்று சொல்வது இதனால்தான். செங்குத்து விசை தப்பினால் உராய்வு தப்பும், உராய்வு தப்பினால் முடுக்கம், உராய்வு செய்த வேலை, மீதி ஆற்றல் எல்லாம் வரிசையாகத் தப்பும். சாய்தளத்திலும் இதே கதை. அங்கே செங்குத்து விசை எடையின் காஸ் கூறுக்குத்தான் சமம்.

கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் ஏறாத சில பேருக்காக ஒரு சாயங்காலம் எடை பார்க்கும் கருவியோடு அடுக்குமாடிக் கட்டிட லிப்டில் ஏறினோம். டிஜிட்டல் கருவி வேண்டாம். அது ஓர் எண்ணைக் காட்டி அப்படியே நின்றுவிடும். முள் ஆடுகிற பழைய ஸ்பிரிங் கருவிதான் இதற்குச் சரி. வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன சார், லிப்ட்டுல ஆளு எடை போடுறீங்க?" என்றார். 50 கிலோ பையன் ஏறி நின்றான். லிப்ட் கிளம்பும் கணத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி மேலே போனது. மேல்நோக்கி 1 மீ/வி² முடுக்கம் இருந்தால் அது 55 காட்ட வேண்டும். நடுவில் சீரான வேகத்தில் போகும்போது திரும்பவும் 50. மேல்மாடியில் நிற்கப்போகும்போது 50-க்கும் கீழே. நடுவில் வந்த 50-தான் பிள்ளைகளைக் குழப்பியது, மேலே போகும்போது எல்லா நேரமும் அதிகமாகத்தானே இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். பையனின் எடை எங்கேயும் மாறவில்லை. கருவி காட்டுவது அது அவன் காலைத் தள்ளுகிற செங்குத்து விசையை. எடையும் செங்குத்து விசையும் மூன்றாம் விதி இணையாக இருந்திருந்தால் முள் அசைந்தே இருக்கக் கூடாது.

"அப்ப நிஜமாவே நான் பூமியை இழுக்கிறேனா சார்?" என்று ஒருவன் கேட்டான். இழுக்கிறாய், அதே 500 நியூட்டனால். பூமியின் நிறை ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோ என்பதால் அதற்குக் கிடைக்கும் முடுக்கம் புள்ளிக்குப் பிறகு 22 சுழி போட்டு ஓர் எட்டு. விசை சமம் என்றால் விளைவும் சமம் என்று மூன்றாம் விதி சொல்லவில்லை. லாரியும் காரும் மோதினால் இரண்டின் மேலும் விழும் விசை சமம், நசுங்குவது கார்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 1992-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனீஸும் அவர் கூட்டாளிகளும் விசை பற்றிய புரிதலைச் சோதிக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். இந்த லாரி–கார் மோதலும் அதில் உண்டு. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹெஸ்டனீஸின் இதே மாதிரிச் சோதனை ஒன்றைத் தன் வகுப்பில் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். என் வகுப்பில் இவ்வளவு நேர்மையாக யாரும் கேட்டதில்லை.

பத்திரிகை ஆசிரியர்களும் தப்பவில்லை. ராக்கெட் வெற்றிடத்திலும் வேலை செய்யும் என்ற ராபர்ட் காடர்டை 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் கேலி செய்தது. தள்ளுவதற்கு வெளியே காற்று வேண்டாமா, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் அறிவுகூட இவருக்கு இல்லையே என்கிற தொனி. ராக்கெட் தள்ளுவது தன் வாயுவை, வாயு தள்ளுவது ராக்கெட்டை. இணை அங்கேயே முடிந்துவிட்டது, வெளிக்காற்றுக்கு அதில் வேலை இல்லை. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, பத்திரிகை திருத்தம் வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: வண்டியை மாடு இழுக்கிற அதே அளவு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுத்தால் வண்டி எப்படி நகரும்? 1687-ல் மூன்றாம் விதியை விளக்கும்போதே, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையும் கல்லை நோக்கி இழுபடுகிறது என்று நியூட்டன் சொல்லிவிட்டார். வண்டிக்குத் தனிப் படம் வரையுங்கள், மாட்டுக்குத் தனிப் படம் வரையுங்கள். வண்டியின் படத்தில் மாட்டின் இழுப்பும் தரையின் தடையும்தான் இருக்கும். முதலாவது பெரிதானால் வண்டி கிளம்பும். வண்டி மாட்டைப் பின்னால் இழுக்கும் விசை மாட்டின் படத்துக்குத்தான் போகும். அங்கே அதை மிஞ்சுவது, குளம்பு பின்னால் உதைக்க, தரை முன்னால் தள்ளுகிற உராய்வு.

நிலை உராய்வு எப்போதும் குணகம் பெருக்கல் செங்குத்து விசை

இல்லை. பொருள் நகரத் தொடங்கும் முன் வரும் உராய்வுக்கு அது உச்சவரம்பு. 10 கிலோ பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.4 என்றால் வரம்பு 40 நியூட்டன். 5 நியூட்டனால் தள்ளினால் உராய்வு 5-தான். 40 என்று எழுதினால், நீங்கள் முன்னால் தள்ளப் பெட்டி பின்னால் ஓடிவர வேண்டும்.

மையவிலக்கு விசை

வளைவில் திரும்பும்போது வெளியே தள்ளுவதாகத் தோன்றும் இந்த விசையைக் கொடுக்க ஆள் இல்லை. தரையில் நின்று கணக்குப் போட்டால் வரையாதீர்கள்.

சாய்தளத்தில் சைனா, காஸா?

மனப்பாடம் வேண்டாம். கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள், தளம் படுத்துவிடும். அப்போது காணாமல் போகவேண்டியது தளத்தின் வழியே கீழே இழுக்கும் கூறு, அதுதான் சைன்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை

சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர் என்று இருக்கும்போது இது பெரிய தூரமே இல்லை. அங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீ/வி². அதாவது இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. வீரர்கள் மிதப்பதற்குக் காரணம் அவர்களும் நிலையமும் ஒரே முடுக்கத்தோடு பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பது. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால் தரையைத் தொடுவதில்லை. அங்கே சுழியாவது செங்குத்து விசை மட்டுமே.